அசைந்த கையும் அசையாத வாளும்

சென்ற திங்கள் ஒரு சனிக்கிழமை பிற்பகலில், கிழக்குத் தாம்பரத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அங்கு அன்று பரண் ஒழிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஓட்டை விழுந்த அண்டா, கைப்பிடி போன குக்கர், கிறிஸ்துமஸ் குடிலுக்கென எடுத்துவைத்த வைக்கோல் ஆகியவற்றுக்கிடையே, தூசி படிந்த வெள்ளைப் பெட்டி ஒன்றும் இறங்கியது. தடித்த புத்தகம் ஒன்றின் அளவேயான அப்பெட்டியோடு, ரிமோட் போன்ற கைக்கருவி ஒன்றும் கயிற்றில் தொங்கியது. "இது நினைவிருக்கிறதா?" என்று அவ்வீட்டு இளைஞர் சிரித்தவாறே வினவினார். நினைவில்லாமலா போகும்? 2009-ஆம் ஆண்டில் இதே கூடத்தில், இதே கருவியின் முன்னே, அவருடைய பாட்டனார் ஒருநாள் கண்கலங்கி நின்றதை நேரில் கண்டவர்களாயிற்றே நாம்!

அதனைச் சொல்லுமுன், அக்கருவி இன்னதென்பதை வாசகர்களுக்கு, குறிப்பாக நம்மைப் போன்று வயதேறிய வாசகர்களுக்கு, விளக்கிவிடுதல் நலம்.

ஜப்பானிய நாட்டு நிண்டெண்டோ நிறுவனத்தார் 2006-ஆம் ஆண்டின் இறுதியில் 'வீ' என்ற பெயரில் ஒரு வீடியோ விளையாட்டுக் கருவியை வெளியிட்டனர். அதுகாறும் இத்தகைய விளையாட்டுகள் பெரும்பாலும் கட்டைவிரலின் வேலையாகவே இருந்து வந்தன. இரு கைகளாலும் ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு, பொத்தான்களை அழுத்தியவண்ணம், சிறுவர் கண்கொட்டாமல் அமர்ந்திருப்பர். 'வீ' அம்முறையை மாற்றிற்று. ரிமோட் போன்ற அக்கருவியைக் கையில் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். உருட்டுவதுபோல் கையை ஆட்டினால் திரையில் பந்து உருளும். பொத்தான்களைக் கண்டு அஞ்சிய பாட்டிமாரும் விளையாடத் தலைப்பட்டனர். உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்றன என்றால் அதற்குக் கிட்டிய வரவேற்பை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

மட்டையை வீசலாம் எனில் வாளை வீசலாகாதா? இவ்வினா எழுந்தது இயல்பே. பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பாரிசு நகரப் பிரிவினர் இதற்கு விடைகூற முன்வந்தனர். அவர்கள் ஆக்கிய விளையாட்டின் பெயர் 'ரெட் ஸ்டீல்'. 2006 நவம்பர் 19-ஆம் நாள் அமெரிக்காவில் 'வீ' கருவி விற்பனைக்கு வந்த அன்றே இதுவும் கடைக்கு வந்தது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, 'கேம் இன்ஃபார்மர்' என்னும் அமெரிக்க விளையாட்டு இதழ் இதனைத் தன் அட்டையில் வெளியிட்டு ஆவலைக் கிளப்பிவிட்டிருந்தது. வலக்கையிலுள்ள கருவி ஒரு வேளை துப்பாக்கி, மறு வேளை ஜப்பானிய நெடுவாள். இடக்கையிலுள்ள துணைக்கருவியோ எதிரியின் வெட்டைத் தடுக்கும் குறுவாள். இனிமேல் திரையிலுள்ள வீரனின் கை வேறு, உன் கை வேறு அன்று. இதுவே உலகம் அந்த விளையாட்டிடம் எதிர்பார்த்தது.

கதையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. காதலியைக் கயவர் கூட்டம் கடத்திச் செல்கிறது. அவளை மீட்க ஓர் இளைஞன் லாஸ் ஏஞ்சலிசிலிருந்து டோக்கியோ வரை துப்பாக்கியும் வாளுமாகப் போகிறான். நம் ஊர்த் திரைப்படங்களில் இதனை நூறு முறை கண்டிருக்கிறோம்.

இனி அவ்வில்லத்திற்கு வருவோம்.

அப்பெரியவர் மின்சார இரயில் ஓட்டியவர். கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான மின்சார இரயில் 1931-ஆம் ஆண்டில் மீட்டர் கேஜ் பாதையில் தொடங்கியது. மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-ஆம் ஆண்டோடு நின்றுபோயின. இவர் பணிக்காலம் முழுவதும் அந்தப் பழைய வண்டிகளிலேயே கழிந்தது. ஓய்வுபெற்ற பின்னரும், குரோம்பேட்டையில் வண்டி நிற்கும் ஓசையை வைத்தே ஓட்டுநர் இளைஞரா அனுபவசாலியா என்று சொல்லிவிடுவார். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரைப் பக்கவாதம் தாக்கிற்று. உயிருக்கு மோசமில்லை, பேச்சும் மீண்டது. வலக்கை மட்டும் தளர்ந்துபோயிற்று. வாரத்தில் மூன்று நாள்கள் பிசியோதெரபி செய்பவர் ஒருவர் இல்லத்திற்கு வந்து பயிற்சி அளித்துச் சென்றார். முதலில் விரல் அசைந்தது, பின்னர் முழங்கை மடங்கியது. தோள் மட்டும் பிடிவாதமாக இருந்தது.

அவருடைய மகன் அப்போது குவைத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிகளுக்கு 'வீ' கருவியைக் கொண்டு கைப்பயிற்சி அளிக்கிறார்கள் என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். அச்செய்தி பொய்யன்று, பல நாட்டு மருத்துவமனைகளில் அவ்வாறு முயன்று பார்த்தனர். உடனே நண்பர் ஒருவரிடமிருந்து பழைய கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, மே மாத விடுமுறையில் வரும்போது கையோடு கொண்டுவந்து, "அப்பா, இனிமேல் பிசியோதெரபிக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டியதில்லை. விளையாடினாலே கை வந்துவிடும்" என்று சொல்லிச் சென்றார். அது பாசத்தால் வந்த பேச்சு. தந்தைக்கும் தம் சிகிச்சைக்காகப் பிள்ளைகள் செலவழிப்பது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆகவே பயிற்சியாளர் நிறுத்தப்பட்டார். நிண்டெண்டோ நிறுவனத்தார் இதனை மருந்தாக விற்கவில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லிவிடுகிறோம். முடிவு எடுத்தது குடும்பமே.

இதில் இன்னுமொரு சிக்கல். மட்டையாட்டம் அடங்கிய தட்டை அந்த நண்பர் தம்மிடமே வைத்துக்கொண்டார். கருவியோடு வந்து சேர்ந்த ஒரே தட்டு 'ரெட் ஸ்டீல்'. அதாவது, தளர்ந்த கையைத் தேற்ற வந்தது வாட்போர்!

நாம் அங்குச் சென்றது ஜூலை மாதத்தில் ஒரு மாலை வேளை. தொலைக்காட்சிப் பெட்டியின்மீது இரு மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. செபநேரமோ என்று எண்ணிச் செருப்பைக் கழற்றி அமைதியாக நுழைந்தோம். உள்ளே துப்பாக்கிச் சத்தம்! பன்னிரண்டு வயதுப் பெயரன் நம்மைக் கண்டு எழுந்து விளக்கினான். கருவியோடு ஒரு சிறு பட்டை வரும். அதனைத் தொலைக்காட்சியின் மேல் வைக்கவேண்டும். அதன் கம்பியை எலி கடித்துவிட்டது. பட்டைக்குப் பதிலாக இரு மெழுகுவத்திகளை ஒரு சாண் இடைவெளியில் ஏற்றிவைத்தாலும் போதும் என்று பள்ளித் தோழன் ஒருவன் சொல்லித் தந்தானாம். நம்புவதற்கு அரிதாயினும் இது முற்றிலும் உண்மை. 'சென்சார் பார்' எனப்படும் அப்பட்டை எதனையும் உணர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இரு முனைகளிலிருந்து வீசுவதே அதன் வேலை. கைக்கருவியின் முனையிலுள்ள சிறு கேமராதான் அவ்விரு ஒளிப்புள்ளிகளையும் கண்டு, தான் திரையின் எப்பகுதியை நோக்கியுள்ளது என்று கணிக்கிறது. மெழுகுவத்தியின் சுடரிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. பாட்டியார்தாம் திரைச்சீலை பற்றிக்கொள்ளுமோ என்று ஒரு செம்பு நீரோடு அருகிலேயே அமர்ந்திருந்தார்.

பெயரன் ஆடிக் காட்டினான். கட்டிலில் சாய்ந்து படுத்தபடியே மணிக்கட்டை மட்டும் சடக்கென்று சுண்டினான். திரையில் வீரன் வாளை ஓங்கிப் பெருவெட்டாக வெட்டினான். மீண்டும் ஒரு சுண்டு, மீண்டும் ஒரு பெருவெட்டு. எதிரி மண்டியிட்டான்.

"இப்போது தாத்தா ஆடுவார்" என்று கருவியை நீட்டினான்.

பெரியவர் எழுந்து நின்றார். இடக்கையால் வலக்கையைத் தூக்கிக் கருவியை விரல்களுக்குள் பொருத்திக்கொண்டார். பின்னர் இடக்கையை விலக்கினார். வலக்கை தானாகவே எழுந்தது: இடுப்பளவு, மார்பளவு, தோளளவு. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தோளுயரத்தில் ஒரு கணம் நடுங்கி நின்று, வலமிருந்து இடமாக, ஒரு முழு வாள்வீச்சின் தூரத்தை மெதுவாகக் கடந்து இறங்கியது. மே மாதத்தில் மார்புக்கு மேல் எழாதிருந்த கை அது. நாமும் பாட்டியாரும் கைதட்டிவிட்டோம்.

திரையில் வாள் அசையவே இல்லை.

எதிரி ஓடிவந்து வெட்டினான். மும்முறை அவர் கையை உயர்த்தினார். மும்முறையும் அதே முடிவு. திரை சிவந்து, தோல்வி என்று அறிவித்தது. கருவியைப் பெயரனிடம் கொடுத்துவிட்டு நம் பக்கம் திரும்பி, "கை போகிறது ஐயா. நீங்களே பார்த்தீர்கள். அதற்குத்தான் தெரியவில்லை" என்றார். அப்போதுதான் அவர் கண்கள் கலங்கின.

ஏன் தெரியவில்லை? அன்றிரவு அவ்வினா நம்மை உறங்கவிடவில்லை. பிற்பாடு விவரம் அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நமக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம்.

அக்கைக்கருவிக்குள் விரல்நுனி அளவில் ஒரு சில்லு உண்டு. அது கை இருக்கும் இடத்தை அறியாது. கை எவ்வழியே சென்றது என்பதையும் அறியாது. வேகம் மாறுவதை மட்டுமே அறியும். பேருந்தில் கண்ணை மூடி அமர்ந்திருப்பவர் வண்டி திடீரெனப் புறப்படுவதையும் சட்டென நிற்பதையும் உணர்வார். சீராகச் செல்லும்போது அது பல்லாவரமா மீனம்பாக்கமா என்று சொல்லமாட்டார். அச்சில்லின் நிலையும் அதுவே. போதாக்குறைக்கு, பூமியின் ஈர்ப்பையும் கையின் அசைவையும் அது சேர்த்தே அளக்கிறது. கருவி சாய்ந்ததா, வீசப்பட்டதா என்று பிரித்தறிதல் கடினம். மிகப் பலமாக வீசினாலோ அதன் அளவுகோலே கடந்துபோய்விடும். இடத்தைக் காட்டவல்லது முனையிலுள்ள கேமரா ஒன்றே. வாளை ஓங்கும்போது அக்கேமரா விட்டத்தைப் பார்க்கிறது, வீசும்போது சுவரைப் பார்க்கிறது. ஒளிப்புள்ளிகள் கண்ணில் படவேண்டிய நேரத்தில் அது குருடாகிவிடுகிறது.

இந்நிலையில் விளையாட்டை ஆக்கியோர் என்ன செய்ய இயலும்? கையை அப்படியே வாளாக்குவதாக எண்ணித் தொடங்கியவர்கள், சில குறிப்புகளோடு நிறுத்திக்கொண்டனர். பக்கவாட்டில் ஓர் உதறல் வந்தால் ஒரு வெட்டு. மேலிருந்து கீழாக ஓர் உதறல் வந்தால் வேறொரு வெட்டு. உதறல் ஓர் அளவைத் தாண்டினால், முன்னரே வரைந்து வைத்த வெட்டுக் காட்சி திரையில் ஓடும். அதனால்தான் படுத்துக்கொண்டு சுண்டியவனுக்குப் பெருவெட்டு கிடைத்தது. முழுக் கையையும் மெதுவாக வீசியவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. நாமும் அன்று ஒருமுறை முயன்றோம். ஓங்கிக் கீழ்நோக்கி வெட்டினோம். திரை வீரனோ நாம் வெட்டி முடித்துச் சற்று நேரங்கழித்து, பக்கவாட்டில் வெட்டினான். பெயரன் மரியாதை கருதிச் சிரிக்கவில்லை.

உலகெங்கும் இதனை வாங்கியோர் இதையே சொல்லிக் குறைப்பட்டனர். விளையாட்டு பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது என்பது உண்மை. புதுக்கருவியோடு வந்த புதுமைக்கு அத்தனை ஆவல். ஆயினும் விமரிசகர்கள் வாளைப் பற்றி எழுதியவை கசப்பானவை. எந்நேரமும் வாளை உருவவும் முடியாது. குறித்த இடங்களில் குறித்த எதிரியோடு மட்டுமே வாட்போர். துப்பாக்கி நோக்கும் பகுதியில், கை சற்றே திரைக்கு வெளியே விலகினால் காட்சி தட்டாமாலை சுற்றும். அந்தச் சுழற்சியில் நமக்குத் தலைவலியே வந்துவிட்டது.

சிலம்பம் பழகியவர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் வேறொரு குறையைச் சுட்டிக்காட்டினார். கம்போடு கம்பு மோதும்போது கம்பு நிற்கும், கையும் நிற்கும். அந்த அதிர்வு உள்ளங்கை வழியாகத் தோளுக்கு ஏறும். எதிராளியின் பலம், அடுத்து அவர் எப்பக்கம் திரும்புவார் என்பது, யாவும் அந்த அதிர்விலேயே தெரிந்துவிடுமாம். கண்ணைவிடக் கை முதலில் அறியும் என்றார். திரையில் வாளோடு வாள் மோதினால் திரையிலுள்ள வாள் மட்டுமே நிற்கிறது. நம் கை காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது. கருவி சிறிது நடுங்கிக் காட்டும், அவ்வளவே. எத்துணை நுண்ணிய சில்லைப் பொருத்தினாலும் தீராத குறை இது.

நம் பெரியவரோ தம் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொன்னார். மின்சார இரயில் ஓட்டுநரின் கைப்பிடியை 'டெட்மேன் ஹேண்டில்' என்பர். அதனை அழுத்திப் பிடித்தவாறே இருத்தல் வேண்டும். ஓட்டுநர் மயங்கி விழுந்து பிடி தளர்ந்தால், பிரேக் தானாகவே விழுந்து வண்டி நின்றுவிடும். "அந்தக் கைப்பிடிக்குக் கை இருக்கிறதா என்பது ஒன்றுதான் தெரியும், ஐயா. ஆனால் அதைத் தவறாமல் தெரிந்துகொள்ளும். ஆயிரம் பேரை நம்பி அதனிடம் விடலாம். இது எல்லாம் தெரியும் என்கிறது, கை இருப்பதே இதற்குத் தெரியவில்லை" என்றார். பாரிசு நகரத்து விமரிசகர் எவரும் இதனினும் நன்றாக எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

பாட்டியாரின் கவலையும் வீண் அன்று. கையிலிருந்து கருவி நழுவிப் பறந்து தொலைக்காட்சிக் கண்ணாடியை உடைத்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்தன. 2006 டிசம்பர் மாதத்திலேயே, மெல்லியதாயிருந்த மணிக்கட்டுக் கயிறுகளுக்குப் பதிலாகத் தடித்த கயிறுகளைத் தர நிண்டெண்டோ முன்வந்தது; ஏறத்தாழ 32 இலட்சம் கயிறுகள்! அவ்வில்லத்தில் தொலைக்காட்சிக்கு நேர்மேலே திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்தது. அதனை அடுத்த வாரமே பாட்டியார் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டார்.

பெற்றோர் கேட்பர்: குழந்தைகளுக்கு வாளும் துப்பாக்கியும் தகுமா? நாமும் அன்று அப்படித்தான் முகஞ்சுளித்தோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. 'ரெட் ஸ்டீல்' விளையாட்டில் வாட்போரில் தோற்று மண்டியிட்டவனைக் கொல்லவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம். எதிரியின் கையிலுள்ள ஆயுதத்தை மட்டும் சுட்டு வீழ்த்திச் சரணடையச் செய்யவும் வழி உண்டு. அன்று பெயரன், தோற்ற எதிரியை விட்டுவிட்டான். நாம் உள்ளம் மகிழ்ந்து, "ஏன் வெட்டவில்லை, தம்பி?" என்று கேட்டோம். "விட்டால் மதிப்புப் புள்ளி கூடும், மாமா" என்றான். இரக்கத்திற்கும் மதிப்பெண் போடுகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டோம். எனினும், கொன்றால்தான் வெற்றி என்று சொல்லித்தரும் விளையாட்டுகளைவிட இது ஒரு படி மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. இப்படைப்பில் நன்றாக எண்ணப்பட்ட பகுதி ஒன்று உண்டெனில் அது இதுவே.

அந்த மாலைக்குப் பின் நடந்ததை அவ்வீட்டு மகள், பெயரனின் தாய், நம்மிடம் பிறகு சொன்னார். அன்றிரவே குவைத்திற்குத் தொலைபேசியில் பேசினாராம். "அண்ணா, நீங்கள் கொண்டுவந்தது நல்ல பொருள்தான். ஆனால் அது அப்பாவின் கையைப் பார்ப்பதில்லை. பார்க்கிற ஆளை மறுபடி வரச் சொல்லப்போகிறேன்." மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "பணம் அனுப்புகிறேன்" என்று மட்டும் சொன்னாராம். இடையில் இரண்டு மாதங்களுக்கு மேல் போய்விட்டன. பக்கவாதம் கண்ட தொடக்க மாதங்கள் மீட்சிக்கு எத்துணை இன்றியமையாதவை என்பதை மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த இரண்டு மாதங்களைப் பற்றி அவ்வில்லத்தில் எவரும் பேசுவதில்லை, நாமும் கேட்டதில்லை.

திரும்பி வந்த பயிற்சியாளர் கருவியைப் பழிக்கவில்லை. "விருப்பமிருந்தால் ஆடுங்கள். ஆனால் இது கணக்கில் சேராது" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த கேரம் பலகையைக் கண்டு, அதனை எடுக்கச் சொன்னார். அன்று முதல் மாலைதோறும் கேரம். ஸ்டிரைக்கரை நடுவிரலால் தள்ளவேண்டும். தள்ளிய அளவுக்கே அது போகும். மெல்லத் தள்ளினால் பாதி வழியில் நின்றுவிடும். ஆனால் பாதி வழி போனது கண்ணுக்குத் தெரியும். நேற்று நின்ற இடத்தைவிட இன்று ஒரு விரற்கடை கூடுதல் என்று பெயரன் பலகையில் பென்சிலால் கோடிட்டு வைப்பான். முதல் கறுப்புக் காய் குழியில் விழ முப்பத்தேழு நாள்கள் ஆயிற்றாம். அக்கோடுகள் இன்றும் அப்பலகையில் உள்ளன.

இது ஒரு வீட்டுக் கதைதானே என்று எவரும் தள்ளிவிடவேண்டாம். கனடா நாட்டு டொராண்டோ நகர மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில், கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2016-ஆம் ஆண்டில் 'லான்செட் நியூராலஜி' என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பக்கவாதத்தால் கை தளர்ந்த 141 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு 'வீ' கருவியில் ஆடினர். மறு பிரிவினர் அதே சிகிச்சையோடு சீட்டாடினர், அடுக்கிய கட்டைகளை உருவி ஆடினர், பந்து எறிந்தனர். இரு வாரங்களில் பத்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். முடிவு என்ன தெரியுமா? இரு பிரிவினரின் கையும் தேறின. கருவியில் ஆடியவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. கருவி கெடுதல் என்று அவ்வாய்வு சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சீட்டுக்கட்டின் விலையை மட்டும் நாம் நினைத்துப் பார்க்கிறோம். வழக்கமான சிகிச்சையை இரு பிரிவினரில் எவருக்கும் நிறுத்தவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்கிறோம்.

விளையாட்டை ஆக்கியோரும் சும்மா இருந்துவிடவில்லை. 2009 ஜூன் மாதத்தில், கை திரும்புவதை அளக்கும் 'மோஷன் பிளஸ்' என்னும் துணைச் சில்லை நிண்டெண்டோ வெளியிட்டது. அதனைக் கைக்கருவியின் அடியில் மாட்டிக்கொள்ளவேண்டும். பாரிசு குழுவினர் பழைய கதையைத் தூக்கி எறிந்துவிட்டு, அச்சில்லின்றி ஆடவே இயலாதவாறு 'ரெட் ஸ்டீல் 2' என்ற விளையாட்டை 2010 மார்ச் மாதத்தில் கொண்டுவந்தனர். இம்முறை வாள் பெருமளவு கையின் சொற்படி நடந்தது, விமரிசகர்களும் மெச்சினர். ஆனால் முதல் முறை வாங்கி ஏமாந்தவர்கள் மறுமுறை கடைக்கு வரவில்லை. சுமாரான முதலாவது விற்றது, நல்லதான இரண்டாவது விற்கவில்லை. உழைத்தவர்களை எண்ணி நாம் வருந்தினோம். வாக்களித்ததைச் செய்து முடித்த நேரத்தில் கேட்பார் இல்லாமற்போவது எத்துணைக் கொடுமை!

அதன்பின் இத்துறையே மெல்ல ஓய்ந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2010-இல் கைக்கருவியே வேண்டாத 'கினெக்ட்' என்பதை வெளியிட்டனர்; ஒருவர் ஆடவே தொலைக்காட்சிக்கு முன் ஆறடித் தூரம் வேண்டும் என்றனர். நம் புறநகர் வீடுகளின் கூடத்தில் கட்டிலையும் அலமாரியையும் நகர்த்தாமல் ஆறடிக்கு எங்கே போவது? 2017-இல் அதன் உற்பத்தியும் நின்றது. வாளைக் கையால் வீசவேண்டிய நிண்டெண்டோவின் 'செல்டா' விளையாட்டு ஒன்று 2011-இல் வந்தது. 2021-இல் அதனை மீண்டும் வெளியிட்டபோது, விரும்பினால் பொத்தான்களைக்கொண்டே ஆடலாம் என்று வழிசெய்து கொடுத்தனர்.

பெரியவர் 2018-ஆம் ஆண்டில் ஆண்டவரில் துயில்கொண்டார். தோள் முழுமையாக மீளவில்லை. ஆயினும் கடைசி ஆண்டுகளில் வலக்கையாலேயே சோறு பிசைந்து உண்டார். கேரத்தில் நம்மைப் பலமுறை தோற்கடித்தார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறோம்.

பரணிலிருந்து இறங்கிய கருவியை என்ன செய்வது என்று இளைஞர் கேட்டார். ஓடுமானால் அடுத்த தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம், கயிற்றை மாட்டிக்கொண்டு ஆடச் சொல்லுங்கள் என்றோம். மின்கலம் கசிந்து கைக்கருவியின் உட்புறம் பச்சை பூத்திருந்தது. அதனைத் துணியால் துடைத்துக்கொண்டே, பழைய தொலைக்காட்சி நின்ற மேசையை எங்கே வைத்தீர்கள் என்று நாம் விசாரித்தோம். சமையலறையில் இருந்தது; இப்போது அதன்மேல் மிக்சி. அந்தத் தொலைக்காட்சியின் தலையிலிருந்து வழிந்து மேசைப் பலகையில் இறங்கிய மெழுகு, ஒரு சாண் இடைவெளியில் இரு வட்டங்களாக, சுரண்டியும் போகாமல் அப்படியே இருந்தது.